வரி கட்டுவதற்காகக் காதல் எழுதியவர்

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயரின் நாவலுக்குள் ஓர் ஆண் நுழைந்தால், அவனுக்கு வருஷத்துக்கு எத்தனை பவுண்டு வரும்படி என்பது சீக்கிரமே நமக்குத் தெரிந்துவிடும். எஸ்டேட் எங்கே இருக்கிறது, அதன்மேல் அடமானம் உண்டா, சொத்துள்ள மாமா யாராவது உயிலைக் காட்டி மிரட்டிக்கொண்டிருக்கிறாரா, எல்லாம் வரிசையாக வந்து விழும். அவன் அழகன் என்பதெல்லாம் அப்புறம்தான். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க அடுத்தவர் வரவுசெலவைப் பார்த்துவிட்டு ராத்திரி படிக்கக் காதல் கதை தேடும் ஒருத்திக்கு இவரைவிடத் தோதான எழுத்தாளர் கிடைப்பது கஷ்டம்.

பெயரைச் சொன்னால் நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஜார்ஜெட் புடவைதான் ஞாபகம் வரும். சென்னையின் பழைய லெண்டிங் லைப்ரரிகளில் புழங்கியவர்களுக்கு வேண்டுமானால் அடையாளம் தெரியும். மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் காதல் நாவல் அடுக்குக்குப் பக்கத்தில், நீள கவுன் போட்ட பெண்ணையும் குதிரை வண்டியையும் அட்டையில் தாங்கி நிற்கும் பழுப்பேறிய பேப்பர்பேக்குகள். அந்த அட்டையைப் பார்த்தே இது நமக்கு வேண்டாம் என்று நகர்ந்துபோனவர்கள் ஏராளம். உள்ளே அட்டை சொல்வது போல ஒன்றும் நடக்காது. சாண்டில்யனில் நாயகியின் வர்ணனைக்கே பக்கம் பக்கமாகப் போகும். ஹேயரில் இரண்டு பேரும் முன்னூறு பக்கம் வாய்ச்சண்டை போட்டுத் தீர்த்துவிட்டுக் கடைசியில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டால் உண்டு.

மில்ஸ் அண்ட் பூனோடு அவருக்கு நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு என்பது வேடிக்கை. 1923 இல் ஸ்டெல்லா மார்ட்டின் என்ற புனைபெயரில் ஒரு நாவலை அந்தப் பதிப்பகத்துக்குக் கொடுத்தார். பிற்பாடு கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டு, தலைப்பையும் மாற்றி, சொந்தப் பெயரில் மறுபடி வெளியிட்டார். தன் பழைய எழுத்தின் மீது கத்தி வைக்கத் தயங்காதவர். ஆரம்ப காலத்தில் சமகாலத்தை வைத்து எழுதிய நான்கு நாவல்களைத் திரும்ப அச்சுக்குப் போகவே விடவில்லை.

பிறந்தது 1902 ஆகஸ்ட் 16, லண்டனை ஒட்டிய விம்பிள்டனில். அப்பா பெயர் ஜார்ஜ், அதனால் மகள் ஜார்ஜெட். தம்பி போரிஸுக்கு ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா வகை நோய். படுத்துக் கிடந்த தம்பிக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 17 வயது அக்கா தொடர்கதை மாதிரி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். சீட்டாட்டத்தில் தம்பி செய்த மோசடியின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, வழிப்பறிக்காரனாகத் திரியும் ஒரு பிரபுவின் கதை. அதைக் கேட்ட அப்பா அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். 1921 இல் 'தி பிளாக் மாத்' வெளிவந்தபோது அவருக்கு 19 வயது. படித்துப் பார்த்தால் வயசு தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதில் வரும் வில்லன் பிரபு மட்டும் அந்த வயதுக்கு மீறிய படைப்பு. ஹேயருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அதே ஆளைப் பெயர் மாற்றி, வயதைக் கொஞ்சம் ஏற்றி, 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' நாவலில் நாயகனாக்கிவிட்டார்.

அதற்கு நடுவில் வந்த 1925 ஆம் வருஷம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. சுரங்க எஞ்சினியரான ரொனால்ட் ரூஜியரோடு நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பென்ஷன் கிடையாது. தம்பிகள் இரண்டு பேர், ஒருவனுக்கு 19, இன்னொருவனுக்கு 14. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. அதுவரை ஆசைக்கு எழுதியவருக்கு அதன் பிறகு எழுத்துதான் சம்பளம்.

கணவரின் வேலைக்காக டாங்கனிகா போனார், இன்றைய தான்சானியா. காட்டுக்கு நடுவே யானைப்புல் வேய்ந்த குடிசை. அங்கே உட்கார்ந்துகொண்டு 18 ஆம் நூற்றாண்டு லண்டனின் மாறுவேடக்காரர்களைப் பற்றி 'தி மாஸ்கரேடர்ஸ்' எழுதினார். அடுத்து மாசிடோனியா. அங்கே பல் வைத்தியத்துக்குக் கொடுத்த மயக்க மருந்து தப்பாகிப்போய் உயிர் மயிரிழையில் தப்பியது. 1929 இல் ஊர் திரும்பிய பிறகு ரொனால்ட் சுரங்கத் தொழிலை விட்டார். வேறு சில தொழில்கள் பார்த்தார், ஸ்போர்ட்ஸ் சாமான் கடை வைத்தார், கடைசியில் சட்டம் படித்து 1939 இல் வக்கீலானார். அதுவரை வீட்டு அடுப்பு எரிந்தது பெரும்பாலும் மனைவியின் பேனாவால்.

1932 முதல் சில வருஷங்களுக்கு அவர் வைத்துக்கொண்ட கணக்கு, வருஷத்துக்கு ஒரு காதல் நாவல், ஒரு துப்பறியும் நாவல். துப்பறியும் கதைகளுக்கு யார், யாரை, எப்படிக் கொன்றார் என்ற சங்கதியைப் பெரும்பாலும் ரொனால்ட் போட்டுக் கொடுப்பார். அதுவும் பெயரெல்லாம் கிடையாது, ஏ என்பவர் பி என்பவரைக் கொல்கிறார் என்கிற அளவில்தான். ஆட்களுக்குப் பெயரும் வாயும் கொடுப்பது ஹேயரின் வேலை. அந்த 12 நாவல்களில் கொலை யார் செய்தார் என்பது எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு குடும்பம் மொத்தமும் ஒருவரையொருவர் குத்திப் பேசிக்கொள்ளும் இடங்கள் அப்படியே இருக்கின்றன.

'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வந்த 1926, பிரிட்டனைப் பொது வேலைநிறுத்தம் முடக்கிப்போட்ட வருஷம். விளம்பரம், மதிப்புரை என்று சொல்லும்படியாக எதுவும் இல்லாமலே அந்தப் புத்தகம் 1,90,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். இதிலிருந்து ஹேயர் எடுத்துக்கொண்ட முடிவு ரொம்பப் பிடிவாதமானது: விளம்பரமே வேண்டாம். ஆயுள் முழுக்கப் பேட்டி கிடையாது, சொந்த வாழ்க்கையைப் பற்றி மூச்சுக் கிடையாது. வெளியில் ஜார்ஜெட் ஹேயர், வீட்டில் திருமதி ரூஜியர். அவர் இறந்த பிறகு வந்த செய்திகளைப் பார்த்துத்தான் வாசகர்கள் பலர் அவருக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததையே தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் காகிதத்துக்கு ரேஷன். பணமுடை. 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்', 'டெவில்ஸ் கப்', 'ரீஜென்ஸி பக்' ஆகிய மூன்று நாவல்களின் காமன்வெல்த் உரிமையை ஹைன்மன் பதிப்பகத்துக்கு 750 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். மூன்றுமே விற்பனையில் பொன்முட்டை. பிற்பாடு அந்தப் பதிப்பகத்தில் பொறுப்பில் இருந்த நண்பர் ஃப்ரெயர், வாங்கின அதே தொகைக்கு உரிமையைத் திருப்பித் தருகிறேன் என்றார். ஹேயர் மறுத்துவிட்டார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதானாம். ஒரு க்ளையன்ட் என்னிடம் வந்து இப்படிச் சொன்னால் நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவருடைய நாயகர்கள் எல்லோரும் இதே ஜாதிதான். தையல்காரனுக்கும் ஒயின் வியாபாரிக்கும் வருஷக்கணக்கில் பாக்கி வைப்பார்கள். சூதாட்ட மேஜையில் தோற்ற பணம் மட்டும் வாக்குக் கடன், அது உடனே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இனி அந்த ரீஜென்ஸி. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்ததால் அவர் மகன் 1811 முதல் 1820 வரை ஆட்சிப் பொறுப்பைப் பார்த்தார். அந்த ஒன்பது வருஷம்தான் ரீஜென்ஸி காலம். நெப்போலியனோடு யுத்தம், லண்டனில் விருந்தும் நடனமும், புதிதாக வந்திறங்கிய வால்ட்ஸ், கழுத்துப் பட்டியை எப்படி முடிச்சுப் போடுவது என்பதற்கே தனி சாஸ்திரம். 1935 இல் 'ரீஜென்ஸி பக்' எழுதி ஹேயர் அந்தக் காலத்துக்குள் குடிபுகுந்தார். ஜேன் ஆஸ்டின் எழுதியதும் இதே காலத்தை வைத்துத்தான். ஆனால் ஆஸ்டின் அங்கேயே வாழ்ந்தவர். வண்டிக்கு எத்தனை குதிரை, மெழுகுவர்த்தி என்ன விலை என்று அவர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஹேயர் நூறு வருஷம் தள்ளி இருந்துகொண்டு ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

தேடினார் என்றால் சாதாரணத் தேடல் இல்லை. வீட்டில் சுமார் ஆயிரம் வரலாற்று நூல்கள். குறிப்பேடுகள் தலைப்புவாரியாக: உடை, தொப்பி, நிறங்கள், வீட்டுச் சாமான், கடைகள், விலைவாசி. இன்ன வருஷம் மெழுகுவர்த்தி என்ன விலை விற்றது என்பதுகூட அதில் இருந்தது. பேச்சு வழக்குக்குத் தனி நோட்டு. சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது ஒரு பக்கம், செல்லமாகக் கூப்பிடுவது ஒரு பக்கம், யாரை எப்படி விளிக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். பிற்காலத்தில் அவருடைய பதிப்பாளர் ஒருவர் கையெழுத்துப் பிரதியின் மொழி நடையில் ஏதோ திருத்தம் சொல்லப் போக, அந்தப் பதிப்பக அலுவலகத்தில் இருந்தவரே தடுத்துவிட்டாராம்: ரீஜென்ஸி ஆங்கிலம் இந்த அம்மாளுக்கு மேல் தெரிந்தவர் இங்கிலாந்தில் யாரும் இல்லை, வம்பு வேண்டாம்.

1937 இல் வந்த 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' வாட்டர்லூ யுத்தத்தைப் பற்றியது. அதில் வெலிங்டன் பிரபு வாய் திறந்தால் வருவதெல்லாம் அவர் நிஜமாகச் சொன்ன அல்லது எழுதிய வார்த்தைகள் என்பது ஹேயரின் வாக்குமூலம். அவர் நடையைப் பிடிப்பதற்காக வெலிங்டனின் அசல் கடிதம் ஒன்றையே விலைக்கு வாங்கியவர். வாட்டர்லூவுக்குப் பதினாறு வருஷம் முன்னால் திப்புவின் சீரங்கப்பட்டணத்தில் நின்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் இந்த வெலிங்டன், நமக்குப் பழகின ஆள். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் அந்த நாவலைச் சிபாரிசு செய்யும் அளவுக்கு யுத்தக் காட்சிகள் துல்லியம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தத் துல்லியம் கொஞ்சம் பாரம்தான். எந்த ரெஜிமென்ட் எந்த மேட்டில் நின்றது என்பதைப் படிக்கும்போது காதலர்கள் எங்கே போனார்கள் என்றே மறந்துவிடுகிறது.

1940 இல் வந்த 'தி ஸ்பானிஷ் பிரைட்' நிஜ மனிதர்களின் கதை. ஹாரி ஸ்மித் என்ற ஆங்கில அதிகாரி 1812 இல் படாஹோஸ் கோட்டை வீழ்ந்த கையோடு ஹுவானா என்ற 14 வயது ஸ்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். இன்றைக்குப் படிக்கையில் அந்த வயது நெருடுகிறது. தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகருக்கு இந்த ஹுவானாவின் பெயர்தான். போயர் யுத்தத்தில் முற்றுகையில் மாட்டிய அந்த லேடிஸ்மித்தை மீட்கப்போன படையோடுதான் காந்தி இந்திய ஆம்புலன்ஸ் குழுவை நடத்திக்கொண்டு ஸ்ட்ரெச்சர் சுமந்தார். ஒரு காதல் நாவலின் நாயகி கடைசியில் எங்கே வந்து நிற்கிறாள் பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சரக்கை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனால் எரியாதா? 1950 இல் ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: பார்பரா கார்ட்லண்டின் நாவல்களில் உங்கள் பெயர்களும் பாத்திரங்களும் கதைத் திருப்பங்களும் உலவுகின்றன, பார்த்தீர்களா? ஹேயர் பார்த்தார். பக்கவாரியாகப் பட்டியல் போட்டுத் தன் வக்கீலிடம் கொடுத்தார். விவகாரம் கோர்ட்டுக்குப் போகவில்லை, மன்னிப்பும் வரவில்லை, அத்தோடு நின்றது. கார்ட்லண்ட் அதன் பிறகும் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தார் என்பது வேறு கதை.

1961 இல் மறுபடி. இந்த முறை கேத்லீன் லிண்ட்ஸே, பல புனைபெயர்களில் 904 நாவல் எழுதியவர் என்று கின்னஸ் புத்தகம் கணக்குச் சொல்லும் ஆள். ஹேயர் வேறு பெயரில் மட்டமான சரக்கை விற்கிறார் என்று வாசகர்கள் அவரையே திட்ட ஆரம்பித்ததால்தான் அவர் உட்கார்ந்து ஆராய்ந்தார். இரண்டு விஷயம் சிக்கியது. ஒன்று, அந்தக் காலத்துக் கொச்சைத் தொடர் ஒன்று லிண்ட்ஸேயின் நாவலில் அடிக்கடி வந்தது. அதை ஹேயர் எடுத்தது, ஒரு குடும்பம் தனக்காக அச்சடித்துக்கொண்ட நினைவுக் குறிப்பிலிருந்து. வெளியார் யாருக்கும் கிடைக்காத புத்தகம். இரண்டாவது இன்னும் அழகு. லிண்ட்ஸே தன் நாவலில் ஒரு சரித்திர நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருந்தார். அப்படி ஒன்று சரித்திரத்தில் நடக்கவே இல்லை, முந்தைய நாவல் ஒன்றில் ஹேயர் சொந்தமாகக் கற்பனை செய்தது. ஆடிட்டில் இது தினமும் நடக்கும். இரண்டு கம்பெனிக் கணக்கில் ஒரே கூட்டல் பிழை இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. வக்கீல்கள் தடையுத்தரவு வாங்கலாம் என்றார்கள். ஹேயர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இப்போது 'எ சிவில் கான்ட்ராக்ட்'. அதே 1961. அவருடைய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்காத நாவல், எனக்கு அவர் எழுதியதிலேயே உசத்தி. ஆடம் டெவரில் என்ற ராணுவ கேப்டன் அப்பா திடீரென்று இறந்துபோனதும் ஊர் திரும்புகிறான். பிரபு பட்டம் கிடைக்கிறது, கூடவே மலையளவு கடனும். பரம்பரை வீடும் நிலமும் கைவிட்டுப் போகும் நிலை. அவன் காதலிப்பது ஜூலியா என்ற பேரழகியை. ஜூலியாவின் அப்பாவே உட்கார வைத்து நிலைமையைச் சொல்கிறார், சொல்லிவிட்டு வேறு வழியும் காட்டுகிறார். லண்டன் நகரத்து வியாபாரி ஜொனாதன் சாலி, பெரும் பணக்காரர், ஒரே மகள் ஜென்னி. மகளைப் பிரபு வீட்டில் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜென்னி குட்டை, பருமன், கூச்சம். ஜூலியாவின் பள்ளித் தோழி வேறு. ஆடம் சம்மதிக்கிறான். வரதட்சணைக் கல்யாணம் என்று நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் மாமனாரைக் கோமாளியாக்கி, ஜூலியாவைச் சாகடித்து, ஜென்னியைத் திடீரென்று அழகியாக்கியிருப்பார்கள். ஹேயர் மூன்றையும் செய்யவில்லை. சாலி சத்தம் போட்டுப் பேசுகிறார், மாப்பிள்ளை கேட்காததையெல்லாம் வாங்கி இறக்குகிறார். வீட்டில் தண்ணீர்க் குழாய் வைத்த குளியலறை ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டி வைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கிறார். ஆடமுக்கு ஒவ்வொரு பரிசும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அதே மனிதர் சீனப் பீங்கானை எடுத்துக் காட்டும்போது குரல் தணிந்துவிடுகிறது. கை நடுங்காமல், பெருமை பேசாமல், பொருளை மட்டும் பார்க்கிறார். அந்த ஒரு காட்சிக்கு அப்புறம் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஜென்னி கணவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்த நாற்காலி வசதி, எப்போது தனியே விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறாள். அவள் அவனை முன்பிருந்தே விரும்பியவள் என்பது அவனுக்குத் தெரியாது, அவள் சொல்வதும் இல்லை.

உச்சக்கட்டம் நடனக் கூடத்தில் இல்லை, பங்குச் சந்தையில். 1815 ஜூன். வாட்டர்லூவில் தோல்வி என்று லண்டனில் வதந்தி. எல்லோரும் அரசுப் பத்திரங்களை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். இருப்பதையெல்லாம் உடனே விற்றுவிடு என்கிறார் மாமனார், வாழ்நாள் முழுக்கச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆடமுக்குச் சந்தை தெரியாது. ஆனால் வெலிங்டனுக்குக் கீழே சண்டை போட்டவன், அந்த ஆள் தோற்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். விற்கவில்லை, வாங்குகிறான். வெற்றிச் செய்தி வந்து விலை ஏறுகிறது, முதன்முறையாக மாமனார் தயவில்லாமல் நிமிர்கிறான். அந்த நிமிர்வு வந்த பிறகுதான் மனைவியைச் சரியாகப் பார்க்க அவனுக்குக் கண் திறக்கிறது. கடைசியில் அவர்களுக்குள் இருப்பதைப் பெரிய காதல் என்று ஹேயர் சொல்லவில்லை. ஜென்னியும் அப்படி நம்பவில்லை. இதனால்தான் ரசிகர்கள் பலருக்கு நாவல் கசக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். 1950 இல் வந்த 'தி கிராண்ட் சோஃபி' அவருடைய நாவல்களில் மிகவும் கொண்டாடப்படுவது. அதில் வட்டிக்காரனாக வரும் யூதனின் சித்திரம் படுமோசம். ஹிட்லரின் கொலை முகாம்கள் உலகத்துக்குத் தெரிந்து ஐந்து வருஷம் கழித்து எழுதியது. அந்தக் காலத்து மனோபாவம் என்று சமாதானம் சொல்ல என்னால் முடியவில்லை. அப்புறம் 1966 இல் வந்த 'பிளாக் ஷீப்'. இளமையில் ஏதோ குற்றத்துக்காக இந்தியாவுக்குத் துரத்தப்பட்ட மைல்ஸ் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். யாரையும் மதிக்காத, எதற்கும் அலட்டிக்கொள்ளாத அந்த மைல்ஸ் வாயைத் திறந்தால் சிரிப்பை அடக்க முடியாது. மூட்டை மூட்டையாகப் பணம் வைத்திருக்கிறான். அடுத்தவன் எஸ்டேட் மேல் ஷில்லிங் கணக்காகத் துருவும் ஹேயர், இந்தப் பணம் இந்தியாவில் யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று மட்டும் துருவவில்லை. கிழக்கே போனான், பணத்தோடு வந்தான், அவ்வளவுதான். கணக்குப் பார்ப்பவள் என்ற முறையில் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மைல்ஸை ரசிப்பதை மட்டும் விட முடியவில்லை.

1942 முதல் 24 வருஷம் லண்டன் பிக்காடிலியில் ஆல்பனி என்ற பழைய குடியிருப்பில் இருந்தார். பைரன் இருந்த இடம், நம் படிப்பில் ஆங்கிலத்தைப் புகுத்திய மெக்காலே இருந்த இடம். விலாசம் பெரிசு, ஆனால் உள்ளே ஓயாமல் வருமான வரித் தகராறு. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வருமானம் ஏற ஏற வரி பயங்கரமாக ஏறும். புதிய புத்தகம் எழுதி வரி கட்டுவார், அந்தப் புத்தகத்தின் வருமானத்துக்கு அடுத்த வருஷம் வரி வரும், அதைக் கட்ட இன்னொரு புத்தகம். கஜானாவுக்காகவே நாவல் எழுதி அலுத்துவிட்டது, என் காசைக் கல்விக்கும் தொழிலாளர் சொகுசுக்கும் வாரி இறைக்கிறார்கள் என்ற பாணியில் கடிதங்களில் பொருமியிருக்கிறார். அரசியலில் அவர் எந்தப் பக்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வழி என்னவென்று பார்த்தார்கள். ஹெரான் என்டர்பிரைசஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து ராயல்டியை அதன் பெயரில் வர வைத்தார்கள். அதிலும் சிக்கல். கடைசியில் 1966 இல் வரி ஆலோசகர்களை மாற்றிவிட்டு, ஹெரானிடம் இருந்த 17 நாவல்களின் உரிமையை 85,000 பவுண்டுக்கு விற்றார். அந்தத் தொகை வருமானம் ஆகாது, மூலதன ஆதாயம், அதற்கு வரி குறைவு. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று எந்த ஆடிட்டரும் சொல்வார். வாங்கியது யார் என்பதுதான் சுவாரசியம்: புக்கர் கம்பெனி. பிரிட்டிஷ் கயானாவில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையுமாகச் செழித்த நிறுவனம். அந்தத் தோட்டங்களுக்குக் கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் கப்பலில் ஆள் போனது நமக்குத் தெரிந்த சரித்திரம். ஜேம்ஸ் பாண்டை எழுதிய இயான் ஃப்ளெமிங், அகதா கிறிஸ்டி ஆகியோரின் உரிமைகளும் அவர்கள் கையில் வந்தன. 1969 இல் புக்கர் பரிசுக்குப் பணம் போட்டதும் அதே கம்பெனி. இலக்கிய உலகம் ஹேயரைத் திரும்பிப் பார்க்கவில்லை, இலக்கியப் பரிசு கொடுத்தவர்கள் அவர் புத்தகத்தில் காசு பார்த்தார்கள்.

அவருக்கே தன் காதல் நாவல்கள் மேல் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் அரச வம்சத்தைப் பற்றி மூன்று பாகமாக ஒரு பெரிய மத்தியகால நாவல் எழுத வேண்டும், அதுதான் தன் நிஜமான வேலை என்று நினைத்தார். ஆராய்ச்சியெல்லாம் செய்து எழுதவும் தொடங்கினார். வரி நோட்டீஸ் வரும், வாசகர்கள் ரீஜென்ஸி கேட்பார்கள், எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு காதல் நாவல். அது முடியவே இல்லை. அவர் இறந்த பிறகு 1975 இல் 'மை லார்ட் ஜான்' என்று முதல் பாகத்தின் எழுதிய பகுதி வந்தது. வரி அதிகாரிகளைத் திட்டுவதற்காகப் படிக்க ஆரம்பித்தேன், பாதியில் அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றிவிட்டது. அவ்வளவு வறட்சி. விருந்துக்கு யார் வந்தார்கள் என்று பத்தி பத்தியாகப் போகிறது, யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

வாசகர் கடிதங்கள் என்றால் அவருக்கு எரிச்சல். சரித்திர சந்தேகம் கேட்டு வந்தால் பதில் போடுவார். பாராட்டுக் கடிதங்களில் அவர் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று என்கிறார்கள். ருமேனியாவில் 12 வருஷம் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண் எழுதியது. சிறையில் கூட இருந்தவர்களுக்கு 'ஃப்ரைடேஸ் சைல்டு' நாவலின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன் என்று. 1944 இல் வந்த அந்த நாவல் பணமுடையில் இருக்கும் ஓர் இளம் பிரபு அவசரத்தில் ஒரு சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டு படும் பாட்டைப் பற்றிய வெறும் கலாட்டா.

1969 இல் ஆங்கில நாவலாசிரியை ஏ. எஸ். பையட் ஒரு பத்திரிகையில், ஹேயர் நீங்கள் நினைப்பதைவிட நல்ல நாவலாசிரியர் என்று கட்டுரை எழுதினார். அந்த மாதிரி எழுத வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்லிவிடும். 1972 இல் கடைசி நாவல். நாளுக்கு அறுபது சிகரெட்டுக்கு மேல் ஊதியவர், 1974 ஜூலை 4 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அன்றைக்கு முதல் நாவல் உட்பட 48 நாவல்கள் அச்சில் இருந்தன. 2015 இல் அவர் பிறந்த விம்பிள்டன் வீட்டில், பெரிய ஆட்கள் வாழ்ந்த வீடுகளுக்கு வைக்கும் நீலப் பலகையைப் பதித்தார்கள்.

அமெரிக்காவில் அவருடைய ஆரம்ப காலப் புத்தகங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம், அதனால் நமக்கு 2035 ஜனவரி 1. அவர் ஆசைப்பட்ட 'மை லார்ட் ஜான்' மட்டும் இறப்புக்குப் பின் வந்ததால் இன்னும் ஒரு வருஷம் தள்ளிக் கடைசியாக வரும். தமிழில் கொண்டுவர யாருக்காவது எண்ணம் இருந்தால் 'எ சிவில் கான்ட்ராக்ட்' முதலில் எடுங்கள். பிரபுக்கள் எப்படிப் பேச வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அது உங்கள் பாடு. மாமனார் சாலிக்கு மட்டும் மதுரை கீழமாசி வீதி மொத்த வியாபாரி ஒருவரின் பேச்சைக் கொடுத்துப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.